ஏழு கோடியில் ஒரு தலை

இந்தக் கதையில் வரும் எல்லாம் அப்படியே நடந்தது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நடந்தது தொண்ணூற்றாறிலா தொண்ணூற்றேழிலா என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. பெரும்போக நெல் வெட்டி முடிந்திருந்தது, அது சரி. மீராசாஹிபு அன்று உடுத்திருந்தது நீலச் சாரனா பச்சைச் சாரனா, மௌலவி சாப்பிட்ட வட்டிலப்பம் மூன்று துண்டா நாலு துண்டா என்றெல்லாம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். யாருக்கும் மாறாமல் நினைவிருப்பது ஓர் எண் மட்டும்தான். ஏழு கோடியே தொண்ணூறு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து இருநூற்று எண்பது.

கல்முனைப் பக்கத்தில் பழைய குடும்பங்கள் தங்கள் பெருமைக்கு ஒவ்வொன்றை வைத்திருந்தன. ஒரு குடும்பம் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போன பாட்டனாரை வைத்திருந்தது. இன்னொன்று வெள்ளைக்காரத் துரை கொடுத்த கைத்தடியை வைத்திருந்தது. மீராசாஹிபுவின் குடும்பம் இந்த எண்ணை வைத்திருந்தது. அவர்களுடைய இருபத்தாறு ஏக்கர் வயற்காணியின் உறுதிப் பத்திரத்தில், பின்னத்தின் கோட்டுக்குக் கீழே அது இருந்தது.

காணி பெரிய நிலக்காரரான அகமதுலெவ்வைப் போடியாருடையது. அவர் 1911இல் மௌத்தானார், அதாவது இறந்தார். பிள்ளைகள் காணியைப் பிரிக்கவில்லை, பங்கை மட்டும் மார்க்கச் சட்டப்படி கணக்குப் பார்த்து எழுதி வைத்தார்கள். பிறகு மகன், அவர் மகன், அவர் மகன் என்று மூன்று மௌத்து. ஒவ்வொரு மௌத்துக்கும் பங்கு நறுங்கியது, கீழே இருந்த எண் பெருத்தது. நாலாவது மௌத்துக்குப் பிறகு மீராசாஹிபுவுக்கு வாப்பா வழியில் வந்த பங்கு இப்படி எழுதப்பட்டது: பிரிவுபடாத 79,073,280 பங்கில் 93,296 பங்கு.

மேலேயும் கீழேயும் இரட்டை எண் இருக்கிறதே, வெட்டிச் சுருக்கிவிடலாமே என்று உறுதி எழுதிய அன்றைய நொத்தாரிசின் கிளாக்கர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். "எங்கட வாப்பாட காணிய வெட்டுறத்துக்கு நீ ஆரு?" என்று மீராசாஹிபு எழும்பிய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. வெட்டினால் காணி குறைந்துவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் உறுதியான நம்பிக்கை. எண் எவ்வளவு நீளமோ அவ்வளவு பழைய குடும்பம். மற்றவன் வைத்திருப்பது மிஞ்சிப் போனால் எட்டில் ஒன்று, இருபத்திநாலில் மூன்று. நேற்று முளைத்தவன்.

மீராசாஹிபுவின் இளைய தம்பி அப்ராஸுக்கு நஸீறாவைப் பேசி வந்தபோது, தரகர் "ஏழு கோடிக் குடும்பம்" என்றார். நஸீறாவின் வாப்பா அதைப் பணம் என்று நினைத்துவிட்டார். ஊர் வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுத்தார். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார். சூட்கேசுக்குள் மூன்று சாரன், ஒரு ரேடியோ, அந்த உறுதியின் போட்டோ கொப்பி.

நஸீறா கணித டீச்சர். பதினைந்து வருடமாக அந்தக் குடும்பத்தின் பெருநாளுக்கும் கத்தம் ஓதலுக்கும் போய் வந்தாள். போன இடமெல்லாம் பேசாமல் இருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவர் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வரலாம். "மூத்தவர்ட பெருமைய சீரணிக்க அவக்கு நேரம் போகுது" என்று அப்ராஸ் பகிடி பண்ணுவான். உண்மையில் அவளுக்குள் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். சொல்லாத வார்த்தை வீணாவதில்லை, அது உள்ளே கிடந்து வேறு ஏதோ ஆகிறது என்று அவள் நினைத்தாள். என்னவாகிறது என்று அவளுக்கே தெரியாது. சில நாட்களில் அது வெறும் நெஞ்செரிவாகவும் இருந்தது.

அந்த வருடம் மீராசாஹிபுவுக்கு நெல் ஆலை ஆசை வந்தது. தொண்ணூறாம் ஆண்டு இனப் பிரச்சினைக்குப் பிறகு ஐந்து வருடம் அவர்கள் யாரும் வயல் பக்கம் போகவில்லை. இப்போது போகத் தொடங்கியிருந்தார்கள். வயலின் ஓரத்தில் ஒரு திடல், வெள்ளம் ஏறாத மேட்டு நிலம், ஆலைக்கென்றே அளந்து வைத்தது போல இருந்தது. அதில் ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு மண் வீடு, ஏழு எருமை, சல்மா உம்மா என்ற விதவை. அவளுடைய வாப்பாவின் வாப்பா போடியாரிடம் முல்லைக்காரனாக, அதாவது வயல் வேலையாட்களுக்குத் தலைவனாக நின்றவர். பாவம் பார்த்துப் போடியார் இருக்க விட்டார் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. இனி இரக்கம் போதும் என்று மீராசாஹிபு முடிவெடுத்தார். பெயர்ப்பலகையைக்கூட எழுதி எடுத்துவிட்டார்: 'ஏழு கோடி நெல் ஆலை'. ஆலைக்கு இன்னும் கல் வரவில்லை. பலகை மட்டும் அவர் வீட்டு மண்டபத்தில் சுவரோடு சாய்ந்து நின்று, வருகிறவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது.

காணியைப் பிரிக்க நொத்தாரிசு ஒரு கடுதாசி கேட்டார். போடியாரில் இருந்து யார் யார் பிள்ளைகள் என்ற வம்ச விபரம். அதுவும் உறுதியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். மீராசாஹிபு தன் கைப்பட வம்சத்தை எழுதி, ஒரு திங்கட்கிழமை நஸீறாவின் வீட்டுக்கு வந்தார்.

"புள்ள, இது ரெண்டும் ஒத்துவருது எண்டு ஒரு கடுதாசில எழுதித் தாங்க. நொத்தாரிசுட மண்டைக்குள்ள நம்மட கணக்குப் போகுதில்ல."

"எப்பக்கி வேணும் மச்சான்?"

"வெள்ளிக்கிழம. ஜும்ஆ முடிய உதுமாலெவ்வ மௌலவியும் வாறார். எல்லாரும் ஒப்பம் வெச்சா, மறுகா அந்தக் கிழவிய எழுப்பிப்போடலாம்."

அவர் போன பிறகு நஸீறா குசினி மேசையில் உட்கார்ந்தாள். கல்குலேட்டரில் எண்ணை அடித்தாள். எட்டு இலக்கம். திரையில் இடமே மிச்சமில்லாமல் நிறைந்தது. இன்னும் ஒருவர் மௌத்தாகி இருந்தால் கல்குலேட்டர் கையை விரித்திருக்கும்.

இரண்டால் வகுத்தாள். மறுபடி இரண்டால். பன்னிரண்டு தரம் இரண்டு போனது, 19,305 வந்தது. அவள் தலையாட்டினாள். நாலு மௌத்திலும் மனைவி உயிரோடு இருந்திருக்கிறாள், மனைவிக்கு எட்டில் ஒன்று. நாலு எட்டு என்றால் பன்னிரண்டு இரண்டுகள். பிறகு மூன்றால் மூன்று தரம் போனது. அது கடைசி மௌத்து. அங்கே மனைவியோடு தாயும் இருந்ததால் பங்கு இருபத்திநாலில் தொடங்கும். மகனுக்கு இரண்டு தலை, மகளுக்கு ஒரு தலை என்பது கணக்கு. மூன்று மகன், மூன்று மகள் என்றால் ஒன்பது தலை. சரி. ஐந்தால் ஒரு தரம் போனது. அது மூன்றாம் மௌத்து, இரண்டு மகன், ஒரு மகள், ஐந்து தலை. அதுவும் சரி. திரையில் 143 நின்றது.

நூற்று நாற்பத்து மூன்று என்றால் பதினொன்றும் பதின்மூன்றும். பதினொன்று இரண்டாம் மௌத்து, நாலு மகன், மூன்று மகள். கடதாசியில் அப்படியே இருந்தது.

பதின்மூன்றை வைக்க இடமில்லை.

மிஞ்சியிருந்தது முதலாம் மௌத்து, போடியார். மீராசாஹிபுவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ஐந்து மகன், இரண்டு மகள். பன்னிரண்டு தலை. அப்படியென்றால் எண் 72,990,720 ஆக இருந்திருக்க வேண்டும். அவள் பெருக்கியும் பார்த்தாள். அது ஒருபோதும் பதின்மூன்றால் வகுபடாது. உறுதியில் இருந்த எண் வகுபட்டது. மிச்சமில்லாமல், சுத்தமாக, அறுபது லட்சத்து எண்பத்தீராயிரத்து ஐநூற்று அறுபது தரம்.

யாரோ ஒரு மகளின் பெயர் எழுதப்படவில்லை. ஓர் ஆணை விட்டிருந்தால் இரண்டு தலை கூடிப் பதினாலு வந்திருக்கும். ஒரு தலை கூடினால் அது பெண்தான். பெயரை வம்சத்தில் இருந்து எடுத்தவர்களுக்கு, அவளை எண்ணில் இருந்து எடுக்கத் தெரியவில்லை. எடுத்தால் எண் சின்னதாகிவிடும், அதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. எண்பத்தைந்து வருடமாக அவள் எட்டு இலக்கத்துக்குள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். நஸீறாவுக்கு அந்த இருப்பு பழக்கமானதாகப் பட்டது. தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை அவள் அசையவில்லை.

அப்ராஸ் வந்ததும் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"இஞ்ச நஸீறா, பதிமூண்டப் பன்னெண்டாக்கி உட்டா என்ன? ஒண்டுதானே."

"ஒண்டில்ல. ஒரு ஆள்."

"மௌத்தான ஆள்! மூத்த காக்கா பலகையும் எழுதிட்டார். நான் எப்படி அந்த வீட்டு வாசல்ல மிதிக்கிற?"

"மிதிக்காம இருங்க. இந்த வீடு என்ட."

அது அவள் வீடு என்பது ஊரறிந்த உண்மை. சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது.

ஒரு கணக்கைத் தானே செய்து தானே சரிபார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எண்ணை எழுதி, "முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுக" என்றாள். யாருடைய எண் என்று சொல்லவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று பின்னேரம் முப்பத்தொரு வீட்டில், சோற்றுப் பானைக்கும் தறிக்கும் பக்கத்தில், ஏழு கோடிக் குடும்பத்தை இரண்டு இரண்டாக வெட்டினார்கள். பாதிப் பேர் 143இல் நின்று, இனி வகுபடாது என்று கோடு போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் பதின்மூன்றைக் கண்டார்கள். அப்படிக் கண்டவர்களில் ஒருத்தி பஸ்மினா, மீராசாஹிபுவின் பேத்தி. எண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அரபு எழுத்து அலிஃப், பே படிக்கும் முன்பு அதைத்தான் படிப்பார்கள்.

புதன்கிழமை சல்மா உம்மா தயிர் முட்டிகளோடு வந்தாள். குசினி வாசலில் இறக்கி வைத்து, சும்மாட்டை உதறினாள். போடியார் பாவம் பார்த்து ஒரு திடலையே விட்டார் என்ற கதை இப்போது நஸீறாவை உறுத்திக்கொண்டிருந்தது.

"சல்மா உம்மா, ஒங்கட வாப்பாட வாப்பா பேரென்ன?"

"என்னத்துக்கு டீச்சர்? கலியாணம் பேசவா? எனக்கு அறுவது ஆகுது, எருமக்கும் சேத்துச் சோறு போடுற மாப்பிள வேணும்."

"சொல்லுங்களன்."

"முல்லக்கார இஸ்மாலெவ்வ."

"அவர்ட பொஞ்சாதி?"

"ஆமினா உம்மா."

"அவ ஆர்ட மகள்?"

சல்மா உம்மா முட்டியின் வாயில் ஒட்டியிருந்த தயிரை விரலால் வழித்தாள். "தெரியா டீச்சர். அவ பெரிய எடத்துல இருந்து எறங்கி வந்தவ எண்டு வாப்பா சொல்லுவார். எந்த எடம் எண்டு கேட்டா வெத்திலய வாய்க்குள்ள போட்டுக்கு இரிப்பார். போடியாக்கள்ட வாய்க்கும் முல்லக்காரன்ட வாய்க்கும் வெத்தில ஒண்டுதான், பேசாம இரிக்க." பிறகு சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே, "வெள்ளிக்கிழமைக்குப் பொறகு எருமைகள எங்க கட்டுற எண்டுதான் இப்ப எனக்கு யோசின. மாட்டக் கட்ட நாலு முழம் வேணும், மனுசி எங்கயும் படுப்பா" என்றாள்.

நஸீறா ஒரு முட்டி வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்கினாள். நாளை மறுநாள் தான் வாய் திறப்பாளா என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மீராசாஹிபுவின் மண்டபம் நிறைந்திருந்தது. மௌலவி வந்ததும் பலகையில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வட்டிலப்பம் வந்தது. பெண்கள் கதவோரம் இருந்தார்கள். நஸீறாவின் மடியில் இரண்டு கடதாசியும் ஒரு கொப்பியும் இருந்தன. அவள் எழுத வேண்டியதை எழுதியிருந்தாள். அதைக் கொடுப்பதா மடிப்பதா என்று விரலுக்கு விளங்கவில்லை.

ஆனால் அவள் தொடங்க வேண்டி வரவில்லை. மீராசாஹிபுவே தொடங்கினார், அதுவும் பெருமையோடு.

"மௌலவி, ஒரு விசயம் கேளுங்க. நம்மட எண்ணுக்குள்ள பதிமூண்டும் இரிக்காம்! பேத்தி பள்ளிக்கூடத்துல கண்டுபுடிச்சிரிக்கா. பதினொண்டு இரிக்கி, அஞ்சு இரிக்கி, பதிமூண்டும் இரிக்கி. மத்தவன்ட உறுதியில ரெண்டு, மூண்டத் தவிர என்ன இரிக்கி? சொல்லுங்க பாப்பம்."

மௌலவி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். உதுமாலெவ்வை மௌலவி பாகப்பிரிவினைக் கணக்கை மதறஸாவில் ஏழு வருடம் படித்தவர். ஊருக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நோன்புப் பிறை, நிக்காஹ், கோழி அறுப்பு, இவ்வளவுதான் கேட்டார்கள். இப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பதிமூண்டா?"

"ஓம். பதிமூண்டு."

"பதிமூண்டு எங்கருந்து வந்த?"

"அல்லா தந்த."

"அது சரி. அல்லா எந்த மௌத்துல தந்த?" மௌலவி தட்டைக் கீழே வைத்தார். "எட்டுக்குள்ள பதிமூண்டு இல்ல. இருவத்திநாலுக்குள்ளயும் இல்ல. பிள்ளைகள்ட தலைய எண்ணித்தான் அது வரோணும். போடியாருக்கு எத்தின பிள்ள?"

"அஞ்சு ஆம்பிள, ரெண்டு பொம்புள."

மௌலவி விரல் மடித்தார். "பன்னெண்டு." மறுபடி மடித்தார். "பன்னெண்டுதான்."

மீராசாஹிபுவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் விளங்காமல் இருப்பதே நல்லது என்ற அளவுக்கு விளங்கியது.

"மௌலவி, நீங்கதான் இத நேராக்கித் தரோணும்."

"ஒரு வழி இரிக்கி" என்றார் மௌலவி. "பங்குகளக் கூட்டினா முழுசுக்கு மேல போற மௌத்தும் உண்டு. அப்ப பன்னெண்டப் பதிமூண்டாக்கிப் பிரிக்கிற. அதுக்கு அவ்ல் எண்டு பேர்."

"அதான்!" மீராசாஹிபு தொடையில் தட்டினார். "அதேதான். எங்கட குடும்பத்துல எப்பவும் அவ்ல்தான்."

"ஆனா..." மௌலவி கதவோரம் திரும்பினார். "டீச்சர், கணக்குப் பாத்தது நீங்கதானே. இந்த நாலு மௌத்துலயும் ஆம்பிளப் பிள்ள இருந்தானா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்ராஸ் கூரையைப் பார்த்தான். மீராசாஹிபு அவளைப் பார்த்த பார்வையில் பதினைந்து வருடப் பெருநாள் பணியாரம் முழுவதும் இருந்தது. அவள் வழக்கம்போல நேரம் எடுத்தாள். வெளியே ஒரு உழவு இயந்திரம் தெருவால் போய், வளைவில் திரும்பி, சத்தம் தேயும்வரை எடுத்தாள். இந்த முறை உள்ளே எதுவும் ஓடவில்லை. எருமை கட்ட நாலு முழம் என்ற பேச்சு மட்டும் கிடந்தது.

"ஓம்" என்றாள். "நாலுலயும் இருந்தாங்க."

"அப்ப அவ்ல் வராது" என்றார் மௌலவி. "ஆம்பிளப் பிள்ள மிச்சத்த எடுக்கிறவன். அவன் இரிக்கிற எடத்துல பங்கு முழுசுக்கு மேல போகாது."

இதற்குள் அப்ராஸுக்கு ஒரு யோசனை வந்தது. "காக்கா, நாம வெட்டுவமே! மேலயும் கீழயும் வெட்டினா பதிமூண்டு போயிரும்!"

முப்பது வருடத்துக்கு முன்பு வெட்டு என்ற சொல்லுக்கு மைக்கூட்டைக் கவிழ்த்த மனிதர், இப்போது தம்பியை நன்றியோடு பார்த்தார். "வெட்டு! வெட்டு புள்ள, வெட்டு!"

"ஏலா" என்றாள் நஸீறா. "கீழ இரிக்கிற பதிமூண்ட வெட்ட மேலயும் பதிமூண்டு இரிக்கோணும். ஒங்கட பங்குல ரெண்டு இரிக்கி, ஏழு இரிக்கி, பதினேழு இரிக்கி. பதிமூண்டு இல்ல. எவ்வளவு சுருக்கினாலும் அது நிக்கும்."

"அப்ப அது ஆரு?" மீராசாஹிபு கேட்டார். "ஒரு தம்பியா இரிக்குமா? சின்ன வயசுல மௌத்தான ஆம்பிளப் பிள்ள?"

"போடியாருக்கு முன்னம் மௌத்தானவன எண்ணுறல்ல. உயிரோட இருந்தவன் எண்டா பதினாலு வந்திரிக்கும். ஒரு தலதான் கூடியிரிக்கி மச்சான். பொம்புள." நிறுத்தினாள். பிறகு, "பேர் ஆமினா உம்மா எண்டு நினைக்கன். முல்லக்கார இஸ்மாலெவ்வைய முடிச்சவ. திடல்ல இரிக்கிற சல்மா உம்மாட வாப்பாட உம்மா" என்றாள்.

கதவோரத்தில் ஒரு கிழவி, மீராசாஹிபுவின் மாமி, மெதுவாகச் சொன்னாள்: "எங்கட காலத்துல அந்தப் பேர இந்த வீட்டுல சொல்லப்பொடா."

அவ்வளவுதான். கிழவி வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

மௌலவி எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். பலகையில் மறுபடி இடித்தார், வலியும் தெரியவில்லை. "நூத்திநாலுல ஏழு! மகளுக்கு நூத்திநாலுல ஏழு பங்கு! ஏழு கோடிக் கணக்குல எவ்வளவு டீச்சர்?"

"அம்பத்திமூணு லட்சத்தி இருவத்தீராயிரத்தி இருநூத்தி நாப்பது."

"மூத்தவருக்கு?"

"தொண்ணூத்தி மூவாயிரத்தி இருநூத்தித் தொண்ணூத்தாறு."

கல்குலேட்டரைப் பஸ்மினா வைத்திருந்தாள். தன் பாட்டில் அழுத்தி, சத்தமாக வாசித்தாள். "ஐம்பத்தேழு மடங்கு, மூத்தவாப்பா. கொஞ்சம் கூட."

தான் எழுப்பப் பார்த்த பெண்ணின் மூத்தம்மாவுக்கு, அந்த ஆமினா உம்மாவுக்கு, வாப்பா வழியில் தனக்கு வந்ததைவிட ஐம்பத்தேழு மடங்கு என்பதை மீராசாஹிபு விழுங்கச் சற்று நேரம் எடுத்தது. விழுங்கிய பிறகு அவர் செய்த முதல் வேலை, பேத்தியிடமிருந்து கல்குலேட்டரைப் பறித்தது.

"இத அந்த மனுசிட ஆக்களுக்குள்ள புறம்பாப் பிரிக்கோணும்" என்றார் மௌலவி ஆசையோடு. "அது இன்னொரு கணக்கு. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒப்பம் வெக்கப்பொடா. அந்த மனுசிய எழுப்பவும் பொடா. எழுப்பினா ஹறாம்."

மீராசாஹிபு தோற்றுப் பழக்கமில்லாதவர். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஊரில் கதை, இரண்டு நேரம் என்பதுதான் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் காணி அளக்கும் சேர்வையரைக் கூப்பிட்டார். இருபத்தாறு ஏக்கரில் நூற்றிநாலில் ஏழு என்றால் ஒன்றே முக்கால் ஏக்கர், அதற்கு மேல் ஓர் அங்குலம் சல்மா உம்மாவின் வேலிக்குள் இருந்தாலும் எடுப்பேன் என்று வண்டியில் ஏறினார்.

நஸீறாவும் போனாள். திடலில் சல்மா உம்மா எருமைகளைக் கிணற்றடியில் கட்டிவிட்டு, வாசலில் நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை நஸீறா அன்றுதான் பார்த்தாள். சேர்வையருக்குச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அடுத்த வயலில் இருந்த, நாவிதன்வெளி ஊர்த் தமிழர் அழகரெத்தினம் வரம்பால் இறங்கி வந்து பிடித்தார். தொண்ணூறில் சல்மா உம்மா ஊருக்குள் ஓடியிருந்த மாதங்களில் அவளுடைய எருமைகளுக்குத் தண்ணீர் காட்டியவர் அவர்தான்.

சங்கிலி வேலியோரமாகச் சுற்றி வந்தது. சேர்வையர் கொப்பியில் எழுதி, கூட்டி, மறுபடி கூட்டினார்.

"ஒரு ஏக்கர், ரெண்டு றூட், முப்பத்தெட்டுப் பேர்ச்."

"அது கூடவா குறையவா?" என்றார் மீராசாஹிபு.

"நாப்பது பேர்ச் ஒரு றூட், நாலு றூட் ஒரு ஏக்கர். ஒண்டே முக்காலுக்கு ரெண்டு பேர்ச் குறையுது. சங்கிலி இழுவையில வாறது. ஆரோ முன்னமே அளந்துதான் பிரிச்சிக் குடுத்திரிக்காங்க. சரியாப் பாத்தா அந்த ரெண்டு பேர்ச்சையும் நீங்கதான் ஒங்கட பக்கத்தால குடுக்கோணும்."

யாரும் பாவம் பார்த்து இருக்க விடவில்லை. போடியாரின் மகள் தன் பங்கோடுதான் இறங்கி வந்திருக்கிறாள். சல்மா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது, உள்ளே ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்டது.

அழகரெத்தினம் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "இதுக்கா இவ்வளவு பாடு? எங்கட அப்பா இந்த இடத்துக்குப் போடிமகள் திடல் எண்டுதான் பேர் சொல்லுவார். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்படித்தான் கதைக்கிற."

மீராசாஹிபு அவரை வெறித்துப் பார்த்தார். "அத ஏங்கா எங்களுட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே போடியார்."

நஸீறாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமையும், முப்பத்தொரு கொப்பியும், பன்னிரண்டு இரண்டும் வரம்பில் நின்று தன்னைப் பார்ப்பது போல இருந்தது. அவள் அன்று வரம்பில் நின்று சிரித்ததை அப்ராஸ் பிறகு பலருக்குச் சொன்னான், யாரும் நம்பவில்லை.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். திடல் சல்மா உம்மாவின் பேருக்கும் அவளுடைய இரண்டு தம்பிமாரின் பேருக்கும் எழுதப்பட்டது. இரண்டு பேர்ச்சை மீராசாஹிபு கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் ஆலையைப் பிரதான வீதியில், மனைவியின் காணியில் கட்டினார். பெயரை மாற்றிவிட்டார். பழைய பலகை எருமைத் தொழுவத்துக்கு மேற்குப் பக்க மறைப்பாயிற்று. சல்மா உம்மா 2002இல் மௌத்தானாள், எருமைகளைத் தம்பி மகன் வைத்திருக்கிறான். மௌலவிக்கு அதன் பிறகு வேறு யாரும் அப்படிக் கணக்குக் கொண்டுவரவில்லை. பஸ்மினா கணிதம் படிக்கவில்லை, மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அழகரெத்தினம் வயலை மகனிடம் கொடுத்துவிட்டார். உறுதியும் அதன் கொப்பிகளும் 2004 டிசம்பரில் கடலோடு போயின, மீராசாஹிபுவின் வீட்டையும் கடல் எடுத்தது. ஆட்கள் தப்பினார்கள். அவர் மூன்று வாரம் திடலில் இருந்தார், தயிர் நன்றாக இருந்தது என்று சொன்னதாகக் கேள்வி. அப்ராஸ் இன்னும் நஸீறாவின் வீட்டில்தான் இருக்கிறான். நஸீறா ஓய்வு பெற்றுவிட்டாள்.